காரணம் சார்

கைக்குழந்தையைக் கைமாற்றுகிற பதனத்தோடு, இரண்டு கைகளாலும் கணினித் திரையைப் பிடித்து எதிரே உட்கார்ந்திருப்பவர் பக்கம் திருப்புகிறார் காரணம் சார். மஞ்சள் துணியால் அதை ஒரு முறை துடைக்கிறார். பிறகு முதல் வரிக்குக் கீழே இரும்பு அடிக்கோலை வைக்கிறார். "பாத்துக்கோங்கம்மா. மிஷின் எதையும் ஒளிக்காது. நானும் ஒளிக்க மாட்டேன்."

வீடில்லாதவர்களில் யாருக்கு அறை, யாருக்கு இன்னும் கொஞ்ச நாள் வானம் என்று மதிப்பெண் போட்டுப் பிரிப்பது செயற்கை நுண்ணறிவு. போட்ட மதிப்பெண்ணுக்கு வரிவரியாகக் காரணமும் சொல்லிவிடும். மனுதாரர் சொல்வதைக் கேட்டு மிஷினில் பதிவதும், அது சொல்லும் காரணத்தைப் படித்துக் காட்டுவதும்தான் பதிவரான சாரின் உத்தியோகம். அறை கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. கொடுக்காததற்குக் காரணம் கொடுக்கும் அதிகாரம் உண்டு. அதில் அவர் ஒருநாளும் கஞ்சத்தனம் செய்ததில்லை. முன்பெல்லாம் "இல்ல, போ" என்று இரண்டே சொல்லில் விரட்டினார்கள். இப்போது நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, இருபது நிமிடம் விளக்கி விரட்டுகிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். காய் வாங்காமல் வந்து நின்றுகொண்டு, பஸ் நெரிசல் நாற்பது விழுக்காடு, மறதி முப்பது, மீதி மழை என்று பிரித்துச் சொல்வார். "காரணமா கேட்டேன்? காய் எங்கன்னு கேட்டேன்" என்பார் மனைவி.

அலுவலகச் சுவரில் பதிவர்களின் பிழைப்பட்டியல் தொங்குகிறது, அதுவும் வெளிப்படைதான். மூன்று வருடமாக சாரின் பெயருக்கு நேரே சுழி, ஒரு பிழைகூட இல்லை. காலையில் வந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மின்விசிறியைப் போடுவார்.

இன்று எதிரே இருப்பவர் பஸ் ஸ்டாண்டு அக்கா. டிக்கெட் கவுண்டரின் கூரைக்குக் கீழே பதினோரு மாதமாகப் படுக்கிறார். வலது முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. இந்த மாதம் மீதியிருப்பது ஒரே அறை. அறுபது மதிப்பெண் வேண்டும். ஐந்து மணிக்குப் பட்டியல் மூடிவிடும். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு.

அடிக்கோல் மூன்றாவது வரிக்கு இறங்கியது. "உடல்நிலை, நலம். பதினாலு மார்க் அதுல போச்சு. ஆதாரம், விண்ணப்பதாரரே வாயால சொன்னது."

"நான் எப்ப சார் சொன்னேன்?"

"போன திங்கக்கிழமை, பத்து மணி நாலு நிமிஷம். 'எப்படிம்மா இருக்கீங்க'ன்னு கேட்டேன். 'நல்லா இருக்கேன் சார்'னீங்க."

அக்கா வாயைப் பிளந்தார். "ஐயோ சாமி! எப்படி இருக்கேன்னு ஒரு மனுஷன் கேட்டா, முட்டி வீங்கிருக்குன்னா சார் சொல்லுவாங்க? 'நீங்க நல்லா இருக்கீங்களா'ன்னு நானுந்தான் கேட்டேன். அத எழுதுனீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

வரிசை கொல்லென்று சிரித்தது. அடுத்து நின்ற மூட்டை தூக்குகிறவர் முன்கூட்டியே குரல் கொடுத்தார்: "சார், எனக்கு உயிரே இல்ல. இப்பவே எழுதிக்கோங்க!"

அக்கா சிரிக்கவில்லை. காலைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். "இத உங்க மிஷினுக்குக் காட்டுங்க."

மிஷினுக்குக் கண் இல்லை. சாருக்கு இருந்தது, பார்த்தார். யாரும் சொல்லாமலே அவர் விரல் 'திருத்தம்' என்ற இடத்தைத் தட்டியது. திரை கேட்டது: தவறு யாருடையது? கீழே இரண்டு கட்டங்கள். பழக்க தோஷத்தில் சார் அதையும் அடிக்கோல் வைத்து உரக்கப் படித்துவிட்டார்.

"ஒண்ணு, விண்ணப்பதாரர். பொய்த் தகவல்னு ஆயிடும், ஆறு மாசம் மனு போட முடியாது. ரெண்டு, பதிவர். மார்க் அறுபத்தாறு ஆயிடும், அறை கெடைக்கும். பதிவர் கணக்குல..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம் என்ன சார்? ரெண்டாவத அமுக்குங்க."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. சார் சுவரைப் பார்த்தார். வீங்கிய காலைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அடிக்கோலை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பிறகு இரண்டு கைகளாலும் திரையைப் பிடித்து, மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.