பெரிய கங்காணியும் பூச்சட்டி லோரியும்

வங்கிகளைக் கண்காணிப்பவர்கள் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறார்கள். நான் அவர்களுக்குப் பதில் எழுதியே வாங்குகிறேன். உங்கள் ஆபிசிலும் ‘மேலிடம்’ என்று ஒன்று இருக்குமே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அம்மாவின் கவலை

எங்கள் ஆபிஸ் ஜோகூரில், தெப்ராவில். நாங்கள் வேலை செய்து கொடுக்கும் வங்கியோ ஐரோப்பாவில், யூரோ புழங்கும் பல நாடுகளில் கிளை விரித்திருக்கிறது. முன்பு நாட்டுக்கு ஒரு கண்காணிப்பாளர். ஒருவருக்குச் சொன்ன சமாதானம் இன்னொருவர் காதுக்குப் போகாது. இப்போது பெரிய வங்கிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே இடத்திலிருந்து கண்காணிப்பு. பொந்தியானில் இருக்கும் அம்மாவுக்கு இதைத் தோட்டத்துப் பாஷையில் விளக்கினேன்: சின்னக் கங்காணிகளுக்கு மேல் ஒரு பெரிய கங்காணி. அம்மா முகம் வாடிவிட்டது.

"தோட்டத்த விட்டு வந்து உன்னைய படிக்க வெச்சா, நீ மறுபடியும் கங்காணிக்கிட்டயாடா மாட்டிக்கிட்ட?"

சுத்தமான பதிவேடு

ஆபிசில் நடந்த கோளாறுகளின் பதிவேட்டைக் கேட்டு ஒரு நாள் அந்தப் பெரிய கங்காணியிடமிருந்து கடிதம் வந்தது. விருந்தாளி வந்தால் அழுக்குத் துணியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற ரகம் நாங்கள். ‘கோளாறு: இல்லை’ என்று எழுதச் சொன்னார் மேனேஜர் சரவணன். அனுப்பினேன். ‘நம்ப முடியவில்லை, நேரில் வருகிறோம்’ என்று பதில் வந்தது. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால், எங்கள் வேலை ஐரோப்பாவுக்கே திரும்பிப் போய்விடும். பன்னிரண்டு பேர் பிழைப்பு. பக்கத்து மேசை லெட்சுமி தலையில் கை வைத்தாள்.

"அலமாக்! தப்பே இல்லன்னு சொன்னதுக்கா சோதன போட வர்றாங்க?"

சுவரில் ஒரு கறை

வந்த ஆய்வாளர் அம்மாள் எதைக் கேட்டாலும் சரவணன் "நோ ப்ராப்ளம்" என்றார். அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டு, தரை துடைத்துக்கொண்டிருந்த புஷ்பா அக்காவிடம் சுவரிலிருந்த கறையைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

"வெள்ளம் வந்துச்சில்ல! எங்க வீட்டுக்காரரு பூச்சட்டி ஏத்துற லோரியிலதான் இவங்களையும் கம்ப்யூட்டரையும் ஏத்திக்கிட்டு ஆயர் ஈத்தாம்ல இருக்குற இன்னொரு ஆபிசுக்குப் போனாரு. ஒரு நாளுகூட வேல நிக்கல லா" என்றார் அக்கா.

சரவணன் என்னை முறைத்தார். பொய் சொல்ல நாக்கு வரவில்லை, அப்படியே மொழிபெயர்த்தேன். அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். வெள்ளம் வந்தால் என்ன செய்வோம் என்பதைத்தான் அவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மாதக் கடைசியில் கடிதம் வந்தது: வேலை ஜோகூரிலேயே இருக்கலாம், ஆனால் வெள்ளத்தையும் லோரியையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புஷ்பா அக்கா மட்டும் கவலைப்பட்டார்.

"அப்ப எங்க லோரியையும் வந்து பாப்பாங்களா தம்பி? பிரேக்கு கொஞ்சம் சரியில்ல."

கோளாறே இல்லை என்றபோது ஆட்டம் கண்ட வேலை, பக்கம் பக்கமாகக் கோளாறு எழுதுகிற இப்போது பத்திரமாக இருக்கிறது. கடைசியாக எழுதியது அந்தப் பிரேக்கைத்தான்.