எலிப்பேரி எழிலேரி ஆகாத கதை

தொப்பூர் கணவாயைப் பற்றிப் போன மாதம் இங்கே எழுதியபோது, வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்தைப் பற்றி ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அதற்குக் கீழே ஒரு நண்பர், "அவன் போய் எத்தனை வருஷமாச்சு, இன்னுமா அதையே பிடித்துக்கொண்டு தொங்குவீர்கள்?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது ஒரு பயணக் கட்டுரையாகவே நீண்டுவிட்டது. ஆமாம் நண்பரே, இன்னும்தான். ஏன் என்று சொல்கிறேன்.

1987 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இருபத்தேழு வயது, சேலத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. மூன்று வருஷம் என் பக்கத்து நாற்காலியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா தருமபுரிக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். அவளுடைய சொந்த ஊர் கடத்தூருக்குப் பக்கத்தில் எலிப்பேரி. வியாழக்கிழமை லைனில் வந்தாள். ஞாயிறு மத்தியானம் ஊர்க் கூட்டம் இருக்கிறது, ஊர்ப் பெயரை மாற்றப் போகிறார்கள், எனக்குப் பக்கபலமாக நீ வரவேண்டும் என்றாள். யார் மாற்றுகிறார்கள் என்று கேட்பதற்குள் சூப்பர்வைசர் முறைத்ததால் வைத்துவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு சேலத்தில் பஸ் ஏறினேன். தருமபுரி அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆறரை ரூபாய். கடத்தூர் போவதற்குப் பொம்மிடி வரை ரயிலில் போனால் சுலபம் என்பது தெரியும். யாரும் பின்னூட்டத்தில் பாடம் எடுக்க வேண்டாம். ஸ்டெல்லா தருமபுரி பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். தொப்பூரில் வழக்கம் போல ஒரு லாரி படுத்துக் கிடந்தது. வெங்காய மூட்டைகள் ரோடெல்லாம் உருண்டிருந்தன, டிரைவருக்கு நல்லவேளையாக அடி இல்லை. ஐம்பது நிமிஷம் போயிற்று. அறுபது பைசாவுக்கு ஒரு டீ குடித்தேன், அதில் சர்க்கரை மட்டும் தாராளமாக இருந்தது.

எட்டரைக்குத் தருமபுரி. அங்கிருந்து கடத்தூர் பஸ். உட்கார இடம் கிடைத்ததும் ஸ்டெல்லா கைப்பையிலிருந்து ஒரு மனுவை எடுத்துக் காட்டினாள். எலிப்பேரி என்ற பெயர் கேலிக்கு இடமாக இருப்பதால் இனி எழிலேரி என்று மாற்ற வேண்டும், ஊர்மக்கள் சம்மதம், கீழே கையெழுத்துகள். பெயரை மாற்றப் பார்ப்பது அவளேதான். முதல் கையெழுத்தும் அவளுடையதுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஊரின் கதையை நைட் டூட்டியில் அவள்தானே எனக்குச் சொன்னாள். 1876-இல், தாது வருஷப் பஞ்சத்தில் ஊரே சாகக் கிடந்தபோது, வெள்ளைக்கார துரை ஒருவர் கஞ்சிக்கு ஏரி வெட்டச் சொன்னார். நாள் முழுக்க மண் சுமந்தால்தான் ஒரு வேளைக் கஞ்சி. அது பத்தாமல் ஜனங்கள் கரையில் எலி வளை தோண்டித் தின்றார்கள். எலி பிடித்த ஏரி, எலிப்பேரி. அவளுடைய பாட்டனாரின் தாத்தா அந்தோணி, மண் கூடையோடு விழுந்து செத்தவர். அதையா எழிலாக்கப் போகிறாய் என்று பஸ்ஸிலேயே சத்தம் போட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பெங்களூரில் நிச்சயமான தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ஊர்ப் பெயரைக் கேட்டுச் சிரித்தாராம். அன்றைக்கே "எலி வூட்டுப் பொண்ணு" என்று பெயர் வைத்தாயிற்று. கல்யாணப் பத்திரிகையில் அந்த ஊரைப் போடக் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

"உனக்கென்னடி, உங்க ஊரு சேலம். உன்னை யாராவது எலின்னு கூப்புட்டாங்களா?"

கடத்தூருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் பஸ் நின்றது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "எலிங்கெல்லாம் எறங்குங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஸ்டெல்லா தலையைக் குனிந்தபடி இறங்கினாள். அதைப் பார்த்தபோது மனு நியாயம்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்காமல் சொல்கிறேன்.

பிரிவு ரோட்டிலிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் காய்ந்த துவரங்காடு. ஸ்டெல்லாவின் அப்பா சவரிமுத்து பூசை முடிந்து கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, அதிகம் பேசாதவர். அவருடைய தங்கை ரோசாலி, ரோடு வேலைக்குக் கல் சுமக்கிற கூலி, அண்ணனுக்கும் சேர்த்துப் பேசுகிறவர். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். நான் களியை மென்றதைப் பார்த்து ரோசாலி அத்தை, "களியை மெல்லக் கூடாதும்மா, முழுங்கோணும்" என்று சிரித்தார். மகள் மனு கொண்டுவந்திருப்பது இருவருக்கும் தெரியும். அத்தை அதைப் பற்றிக் கேட்காமல் எனக்கு இன்னொரு உருண்டை வைத்தார்.

சாப்பிட்டதும் ஸ்டெல்லா, வா, கல்லைப் பார்க்கலாம் என்றாள். ஏரி மதகின் ஓரத்தில் துரை நட்ட கல் ஒன்று இருக்கிறது, இங்கிலீஷ் எழுத்து. மேலே உள்ள வரிகளைப் பள்ளிக்கூட வாத்தியார் எப்போதோ படித்துச் சொல்லிவிட்டார். துரையின் பெயர், பதவி, பஞ்ச நிவாரணத்துக்காக வெட்டிய ஏரி. கீழ்வரிகள் எப்போதும் தண்ணீருக்குள், அதற்கும் கீழே வண்டலுக்குள். அங்கேதான் செத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன என்பது நான்கு தலைமுறையாக ஊர் நம்பிவந்த விஷயம். கல்லறைத் திருநாளன்று மதகில் இறங்கித் தண்ணீருக்கு மேலே மெழுகுவர்த்தியைக் காட்டிவிட்டு வருவார்களாம். அந்த வருஷம் மழை பொய்த்து ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

ஸ்டெல்லாவின் கணக்கு இதுதான்: பெயர்கள் கல்லில் இருக்கின்றன. கல் அவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஊர் எதற்கு எலியைச் சுமக்க வேண்டும்? கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பெயர்களை எழுதி எடுத்து, அந்தோணியின் பெயரை எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டு, அப்புறம் மனுவைக் கொடுப்பது. யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

ரோசாலி அத்தை மண்வெட்டியோடு கூடவே வந்தார். ஒரு முழம் ஆழத்துக்கு வண்டலை வெட்டி எடுத்தோம். தேங்காய் நாரால் தேய்த்தோம். எழுத்து பிடிபடவில்லை. கொஞ்சம் அரிசி மாவைப் பூசினால் எழுத்து தெரியும் என்று நான் எங்கோ கேட்டதைச் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் சுடுகிறது. பஞ்சத்துக் கல்லில் போய் மாவைப் பூசுவதா என்றார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துத் தண்ணீரில் கரைத்து அவரே பூசினார்.

நான்கு வரிகள் தெளிந்தன. பெயர் ஒன்றுகூட இல்லை. துரை அவர்களின் கருணைக்கு இந்தப் பகுதி மக்கள் நன்றியுடன் நாட்டியது என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். ஸ்டெல்லா இரண்டு முறை விரலை வைத்துப் படித்தாள். பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தாள். அங்கே வெறும் கல்.

அத்தைக்கு நான்தான் அர்த்தம் சொன்னேன். அவர் அழவில்லை.

"நன்றின்னு யாரு சொன்னது? எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா? இந்தக் கல்லைத் தூக்கியாந்ததும் நாங்களாத்தான் இருப்போம். என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாமயே தூக்கியாந்து நட்டுட்டு, தலைமொறையா மெழுகுவத்தி காட்டிக்கினு இருந்திருக்கோம்."

மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். அறுபது பேர் இருக்கும். மனுவை ஆதரித்து ஓய்வுபெற்ற வாத்தியார் மாரப்பன் பேசினார். நல்ல மனிதர், அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் பேச்சில் விஷயமும் இருந்தது. எலியும் ஏரியும் சேர்ந்தால் இலக்கணப்படி எலியேரிதான் வரும், நடுவில் இந்தப் 'ப்' எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அது இங்கிலீஷ் ரிலீப், அதாவது நிவாரணம். ரிலீப் ஏரி, எலிப்பேரி. எலி தின்ற கதை பிற்பாடு கட்டியது என்றார். உடனே வராந்தாவின் கட்டைச் சுவரில் சாய்ந்திருந்த நஞ்சப்பா, கன்னடக் குடும்பத்துக்காரர், "எங்க வூட்டுல இதை இலிகெரென்னுதான் சொல்லுவோம். இலின்னா எலி, கெரென்னா ஏரி. ரிலீப்பெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். நீங்கள் தமிழைக் கேட்டு அப்புறம் மாற்றிக்கொண்டிருப்பீர்கள் என்றார் வாத்தியார். இது இப்படியே இருபது நிமிஷம் ஓடியது.

பிறகு வாத்தியார் குரலைத் தணித்தார். வெள்ளைக்காரன் போய் நாற்பது வருஷமாகிறது. தானியத்தைப் பதுக்கி விலை ஏற்றியவன் நம்மூர் வியாபாரிதானே, அவனை யார் திட்டுகிறோம்? ஏரி இருக்கிறது, மழை பெய்தால் நெல் விளைகிறது. உங்கள் மாதா கோயில் சாமியார்கள்கூட அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள்தான், அவர்களும் கஞ்சி ஊற்றினார்கள். பிள்ளைகள் தலைநிமிர்ந்து போகட்டும், விட்டுவிடுவோம் என்றார். பலர் தலையாட்டினார்கள்.

பேசாத சவரிமுத்து எழுந்தார். "வியாபாரியையும் சேர்த்தே சொல்லுங்க வாத்தியாரே, நான் வேணாங்கல. சாமியாரு சும்மா ஊத்துனாரு. துரை மண்ணு சொமக்க வெச்சு ஊத்துனாரு. ரெண்டும் ஒண்ணில்லீங்க." உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. ரோசாலி அத்தை மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் படித்ததை அவர் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். பெயரால் அடிபட்டவள் அவள், சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

மனுவைப் படிக்க ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்கள். அவள் மனுவைப் பிரிக்காமல் கல்லின் கீழ்வரிகளைச் சொன்னாள். இங்கிலீஷில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, பேர் இல்லையா, நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டார். அவரும் அத்தனை வருஷம் நம்பியிருந்திருக்கிறார்.

"இல்லீங்க சார். அவங்க பேரு கல்லுல இருக்குதுன்னுதான் நான் மனு எழுதுனேன். அங்க இல்ல. வேற எங்கயும் இல்ல. அவங்க இருந்தாங்கன்னு சொல்றதுக்கு இந்த எலி ஒண்ணுதான் பாக்கி. அதையும் நானே அழிச்சுட்டா, கல்லு சொன்னதுதான் நெசம்னு ஆயிடும். நன்றி சொல்றவங்க சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்."

மனுவை நான்காகக் கிழித்தாள். இளவட்டங்கள் இரண்டு பேர் கல்லை உடைத்துப் போடுகிறோம் என்று கிளம்பினார்கள். ரோசாலி அத்தைதான் தடுத்தார். பொய் சொன்ன கல் அங்கேயே நிற்கட்டும், வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டாமா என்றார். வாத்தியார் கடைசியாக, அந்தப் 'ப்' மட்டும் எனக்கு இன்னும் உதைக்கிறது என்றார். எனக்கும் இன்றுவரை உதைக்கிறது. ரிலீப் என்று பெயர் வைத்த வேலையில் எலி தின்றிருந்தால் இரண்டு கதையும் உண்மைதானே.

ஐந்தே முக்காலுக்குப் பிரிவு ரோட்டில் பஸ் பிடித்தோம். காலையில் வந்த அதே கண்டக்டர். தருமபுரிக்கு இரண்டு டிக்கெட் என்று நான் சொல்வதற்குள் ஸ்டெல்லா, "எலிப்பேரியிலேர்ந்து ரெண்டு" என்றாள். கடைசி சீட் வரைக்கும் கேட்டது. அவர் சிரிக்காமல் கிழித்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகை தபாலில் வந்தது. எலிப்பேரி என்ற எழுத்து மணப்பெண்ணின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. அச்சகத்திலிருந்து, இது பிழையா என்று போன் போட்டுக் கேட்டார்களாம். பிழையில்லை, இன்னும் பெரிதாகப் போடுங்கள் என்றாளாம். மாமியார் கல்யாணத்துக்கு வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். வரட்டும், வைத்துக்கொள்ளட்டும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நான் சொன்ன கட்டணம் எல்லாம் பழைய கதை, அதை நம்பிப் பையில் சில்லறையோடு கிளம்பாதீர்கள். கல்லின் கீழ்வரிகளைப் படிக்க வேண்டுமானால் மழை பொய்த்து ஏரி வற்றிய வருஷமாகப் பார்த்து மே மாதம் போங்கள். மண்வெட்டியை ஊரில் கேட்டால் தருவார்கள், சுண்ணாம்பு நீங்கள் கொண்டுபோங்கள், மாவு வேண்டாம். பிரிவு ரோட்டிலிருந்து நிழல் கிடையாது, தண்ணீர் முக்கியம். களி கொடுத்தால் மெல்லாதீர்கள்.

இன்னுமா என்று கேட்ட நண்பரே, நீங்களும் ஒரு முறை போய் வாருங்கள். ஏறும்போது கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்பார். வாய் கூசாமல், பஸ் முழுக்கக் கேட்கும்படி ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.