பச்சை முக்கோணம்

வெள்ளிக்கிழமையே ஷிரீன் மேலாளரிடம் தலைபாடாய் அடித்துச் சொல்லியிருந்தாள். மலேசியாவின் செனாய் ஊரில், ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதம். திங்களன்று வேலை நிரந்தரமாக வேண்டும். வாசல் கேட்டு மெஷினுக்காக எல்லா ஆட்களின் ஐசி என்ற அடையாள அட்டை எண்களையும் எக்செல்லில் ஏற்றியவள், முன்னால் நிற்கும் சைபர் விழாதிருக்க அவற்றை எழுத்தாகவே வைத்திருந்தாள். எக்செல்லுக்கு அது ஆகாது. கட்டத்துக்குக் கட்டம் மூலையில் பச்சை முக்கோணம் குத்தும்.

மேலாளர் பிரேமகுமாருக்கும் ஆகவில்லை.

"என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி?"

"அப்படியே இருக்கட்டும் சார். தொட்டா முன்னாடி இருக்கிற சைபர் போயிரும். கேட்டு மெஷின் ஆளைத் தெரியலன்னு சொல்லிரும்."

"சரி லா, சரி லா." கண் திரையிலேயே இருந்தது.

திங்கள் காலை மழையில், பாலோ ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் வந்தவர்கள் வாசல் மெஷினில் அட்டையை வைத்தார்கள்; விளக்கு எரிந்தது. சிவப்பு. அடுத்தவனுக்கும் சிவப்பு. ஐசி எண் பிறந்த ஆண்டில் தொடங்கும்; இரண்டாயிரத்துக்குப் பின் பிறந்தவர்களுக்கெல்லாம் முதலில் சைபர்தான். ஷிரீனும் அந்தக் கணக்கு. அவளுக்கும் சிவப்பு. போன நூற்றாண்டில் பிறந்தவர்கள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"அக்கா, லேட்டா பொறந்தது ஒரு குத்தமா?" என்றான் புது ஆள் மகேஸ்வரன், மழைக்குப் பையைத் தலையில் பிடித்தபடி. எல்லாரும் சிரித்தார்கள். ஷிரீன் மட்டும் அட்டையை மறுபடி வைத்துப் பார்த்தாள்.

பிரேமகுமாரின் கார் வந்தது. அவர் அட்டைக்குப் பச்சை. கண்ணாடியை இறக்கி, ஊருக்கே கேட்கச் சொன்னார்: "ஷிரீன், ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? பாவம், நனையிறாங்க."

காவலர் திறந்த பக்கக் கதவால் உள்ளே போய்க் கோப்பைத் திறந்தாள். ஒரு முக்கோணமும் இல்லை. எண்கள் இஸ்திரி போட்டதுபோல் நின்றன, தலையில்லாமல். கடைசியாகச் சேமித்தவர் பிரேமகுமார். தன்னிடமிருந்த வெள்ளிக்கிழமைப் பிரதியை ஏற்றினாள். வாசல் திறந்தது.

"சின்ன விஷயம்," என்றார் பிரேமகுமார். நிரந்தரக் கடிதம் அவர் கைக்கடியில் கிடந்தது. "எல்லாருக்கும் ஒரு சாரி மெயில் போட்டுரு. இதுல கையெழுத்து போட்டுடறேன்."

"சாரி யார் சொல்லணும் சார்?"

"உன் ஃபைல்தானே?"

தன் மேசைக்குப் போனாள். தட்டினாள்: 'நான் கொடுத்தபோது சைபர் இருந்தது. தொட வேண்டாம் என்றும் சொன்னேன். பச்சை பிடிக்காமல் பிரேமகுமார் சார் மாற்றிவிட்டார். நனைந்தவர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்கட்டும்.'

எல்லாருக்கும் அனுப்பினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் படிப்பது தெரிந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

மூடட்டும். கையெழுத்தில்லாத கடிதம் அங்கேயே கிடந்தது; அவள் கோப்பைத் திறந்து சைபர்களைச் சரிபார்த்தாள்.