கடல் பக்கம் வைத்த ஓட்டை

கணவன் சுப்பனுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகுதான் ராஜாத்தி தன் வீட்டுக் கூரையைச் சரியாகப் பார்த்தாள். அதுவரை கூரை என்பது தலைக்கு மேலே இருக்கும் ஒரு பொருள். இருட்டிய பிறகு வந்து அதன் கீழே தூங்குவார்கள், விடிவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்குப் பகலில் வீட்டுக்குள் என்ன வேலை? இப்போது ஒருவன் பகல் முழுவதும் அதன் கீழே மல்லாந்து கிடந்தான்.

ஏரிக்கரையில் இருந்த தோணிரேவு ஊரில் அவர்களுடையது ஒற்றை அறை வீடு. முன்பு பனையோலை வேய்ந்திருந்தது. ஒரு புயல் ஓலையை அள்ளிக்கொண்டு போனதும் சுப்பன் சிமெண்டு ஷீட் போட்டான். அடுத்த புயலில், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுச் சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் காற்று புகுந்து, கூரையை அப்படியே தூக்கி ஏரிச் சேற்றில் போட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த சுப்பன், கரையில் கிடந்த பழைய நைலான் வலைகளைப் பொறுக்கி வந்து முறுக்கி, நான்கு சுவர்களின் மேலேயும் இருந்த சந்துகளில் திணித்து, அதன்மேல் சிமெண்டு பூசினான். ஒரு விரல் நுழைய இடம் விடவில்லை. அவனைப் பார்த்து ஊரில் பலரும் அப்படியே செய்தார்கள். அதன்பிறகு எந்தப் புயலுக்கும் அந்தக் கூரை அசையவில்லை. காற்றுக்குப் பயந்து அடைத்த வீட்டில் காற்றே இல்லாமல் போயிற்று என்பதை, பகலில் உள்ளே ஆள் இல்லாததால், யாரும் கவனிக்கவில்லை.

"உடம்பு சூடேறக் கூடாதும்மா. காத்தோட்டமா வெச்சுக்கோங்க. இந்த வெயில்தான் இவருக்கு எமன்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கத்திரி வெயில் தொடங்கியதும் ஷீட் காய்ந்த தோசைக்கல் போல ஆயிற்று. மின்விசிறியைப் போட்டால் அது மேலே தேங்கியிருந்த சூட்டைக் கீழே இறக்கியது. ராஜாத்தி கூரைமேல் ஈரச் சாக்கு போட்டாள். அவள் ஏரிக்குப் போய்ச் சேருவதற்குள் சாக்கு காய்ந்துவிடும்.

ஏரியில் அவளும் காந்தாவும் மார்புவரை தண்ணீரில் மூழ்கித் தவழ்ந்தபடி, கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடித்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் வேலையின்போது பேச முடியாது. நிமிர்ந்து பறியைக் கையில் எடுத்தபோது காந்தா கேட்டாள்.

"இன்னாம்மே, கை தண்ணில கீது, கண்ணு கரையில கீது?"

"அந்தாளு உள்ள வெந்துனு கீறாரும்மே."

"கட்டுன நாள்லேர்ந்து உன்ன வேவவெச்ச ஆளுதான? கொஞ்சம் வேவட்டும்" என்றாள் காந்தா. ராஜாத்தி சிரிக்கவில்லை என்று கண்டதும், "சரி, பழவேற்காட்டுல அந்தப் பாய் வூட்டம்மாவுக்கு எறா குடுக்கப் போறல்ல? அவங்க வூடு ஜில்லுனு இருக்கும். எப்டினு கேட்டுனு வா" என்றாள்.

பாய் வீட்டம்மா உம்மு ஹானியின் வீடு மின்சாரம் வருவதற்கு முன்பே கட்டிய ஓட்டு வீடு. ராஜாத்தி இறாலைத் தட்டில் கொட்டிவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்றாள். பிடரியில் வேர்வை ஆறியது.

"இன்னாம்மா, இங்க ஏசி கீதா?"

"ஏசியா! கரண்டு பில்லு நீ கட்டுறியா?" என்று உம்மு ஹானி சிரித்தாள். "மேல பாரு ராஜாத்தி. கூரைய ஒட்டி ஓட்டை வெச்சிருக்காங்கல்ல? கடல்காத்து அதுல வந்துடும்."

ராஜாத்தி பார்த்தாள். கிழக்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, நாலு செங்கல் எடுத்த அளவுக்கு ஒரு திறப்பு. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் போகாத பின்கட்டில், பாத்திரப் பரணுக்கு மேலே, மேற்குச் சுவரில் அதேபோல இன்னொரு திறப்பு இருந்தது. உம்மு ஹானியே அதை நினைத்துப் பல வருடம் ஆகியிருக்கும். தடையில்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒன்றை யாரும் பார்ப்பதில்லை.

கொத்தனார் ஜெரோம் மறுநாளே வந்தான்.

"எந்தப் பக்கம்க்கா?"

"இன்னா கேள்வி இது? கடல் பக்கம்தான்."

"மேற்கால ஒண்ணு போட்டுடறேன்க்கா. வர்ற காத்து வெளிய போணும்ல?"

"கச்சான் உள்ள வர்றதுக்கா? நெருப்ப நானே கூப்டணுமா?"

கச்சான் என்று அங்கே சொல்வது மேற்கிலிருந்து நிலத்தின் சூட்டை அள்ளி வரும் காற்றை. கோடையில் ஏரி வற்றிய சேற்றின் நாற்றமும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். கடலை நம்பிப் பிழைக்கிற ஊரில் நல்லது கிழக்கிலிருந்து வரும், கெட்டது மேற்கிலிருந்து வரும். ராஜாத்திக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. ஜெரோமும் அதே காற்றில் வளர்ந்தவன். மேலே வற்புறுத்த அவனுக்கும் தோன்றவில்லை.

"அப்போ இந்த வலையயாவது கொஞ்சம் உருவிடறேன்."

கட்டிலிலிருந்து சுப்பன் வாய் கோணியபடி குரல் கொடுத்தான். "டேய்... கை வெச்ச... கையி இருக்காது."

ஜெரோம் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரு கையி ஒரு காலு வெச்சினு பேச்சப் பாருக்கா!" ராஜாத்தியும் சிரித்தாள். நோவில் விழுந்த நாளிலிருந்து சுப்பன் தன் பழைய குரலில் பேசியது அன்றுதான். திணித்தது அவன் கை. இப்போது சும்மா கிடக்கும் அதே கை. வலை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று எழுந்தபோது அவள் முக்காலிமேல் ஏறிப் புதிய ஓட்டையில் கையை வைத்தாள். காற்று குளிர்ந்து வந்தது. "வருதுய்யா!" என்று கத்தினாள்.

"மேலேர்ந்து கொட்டுது" என்றான் அவன்.

"இன்னாது?"

"சூடு. என் மேல கொட்டுது."

"காத்து வருதுன்றேன், சூடுன்ற. நோவுல ஒளறாத."

அடுத்த நாட்களிலும் அவன் அதையே சொன்னான். ஒவ்வொரு முறையும் அவள் முக்காலியில் ஏறி ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அங்கே குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கட்டிலில் அவன் பக்கத்தில் படுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தன் கையில் பட்டதை நம்பினாள். அவன் உடம்பில் பட்டதை நம்பவில்லை. நெருங்கி வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள் என்று சொல்வதெல்லாம் எவ்வளவு தூரம் உண்மையோ!

ஒருநாள் ராஜாத்தி ஏரியிலிருந்து திரும்பிக் கூப்பிட்டபோது அவன் பதில் சொல்லவில்லை. நெற்றியைத் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பானை மாதிரி இருந்தது. வேர்வை ஒரு சொட்டு இல்லை. வாசலில் பறி கவிழ்ந்து இறால் மண்ணில் துடித்தது. தண்ணீரை ஊற்றினாள், தோளைப் பிடித்து உலுக்கினாள், தெருவைக் கூப்பிட்டாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

வெளியே ஜெரோமும் மற்றவர்களும் பந்தலுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தல் முடியும்வரை உடலை உள்ளேயே கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். காந்தா தணலில் சாம்பிராணி போட்டுக் கால்மாட்டில் வைத்துவிட்டு ராஜாத்தியின் அருகில் உட்கார்ந்தாள்.

புகை நேராக மேலே போயிற்று. ராஜாத்தியின் கண்களும் அதனோடு போயின. ஷீட்டைத் தொட்டதும், கடல் பக்கத்து ஓட்டையிலிருந்து வந்த காற்று அதைத் தள்ளியது. புகை கூரையோடு ஒட்டி மேற்கே ஊர்ந்தது. சுவரில் முட்டியது. போக வழி தேடுவதுபோலச் சற்று நேரம் அங்கே சுழன்றது. பிறகு சுவர் வழியாகவே கீழே இறங்கி, கட்டிலின் தலைமாட்டுக்கு வந்து, சுப்பனின் முகத்தின்மேல் தங்கியது.

"கொட்டுது" என்றாள் ராஜாத்தி.

"இன்னாம்மே?"

"கொட்டுதும்மே. அந்தாளு சொன்னாரு. நாந்தான் ஒளறாதன்னேன்."

எழுந்தாள். வாசலில் கழி நடக் குழி தோண்டிய கடப்பாரையை எடுத்து வந்து, முக்காலியில் ஏறி, மேற்குச் சுவரின் உச்சியைக் குத்தினாள். உப்புக் காற்றில் பொரிந்திருந்த சிமெண்டு உதிர்ந்தது. உள்ளே சுப்பனின் முறுக்கு இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. கடப்பாரையைப் போட்டுவிட்டு வலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நைலான் விரல்களை அறுத்தது.

"பைத்தியம் பிடிச்சிடுச்சு, புடிங்க அவள" என்று யாரோ சொன்னார்கள். ஜெரோம் ஓடி வந்தான். புகையைப் பார்த்தான், சந்தைப் பார்த்தான். முக்காலி ஆடாதபடி பிடித்துக்கொண்டான்.

வலை முழுதாக உருவி வந்தது. ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. புகை தயங்கி, வளைந்து, அந்தச் சந்து வழியாக ஏரிப் பக்கம் போகத் தொடங்கியது. முகத்தின்மேல் இருந்தது மெல்ல விலகியது.

ராஜாத்தி இறங்கி வந்து கட்டிலில் அவன் பக்கத்தில், கிடைத்த இடத்தில், மல்லாந்து படுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை எழுப்ப யாரும் வரவில்லை.

இப்போது அங்கே அவ்வளவு சூடாக இல்லை.