வெள்ளைக்காரியின் கனவில் வாழையிலை

சேலையூர்ப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் ஞானாம்பாளுக்குப் பேய்ப்படம் என்றாலே முகம் சுளிக்கும். சுளித்துக்கொண்டே கடைசிவரை பார்ப்பார்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கேபிள்காரர் குணா தன் சொந்தச் சேனலில் 'திகில் படம்' என்று ஒன்றைப் போட்டார். அதில் பேயே இல்லை. ஒரு வெள்ளைக்காரி தன் கனவில் நீண்ட நடைவழியில் கதவு கதவாகத் திறந்துகொண்டே போனாள். ஒரு கதவுக்கு அப்புறம் பெரிய கூடம். நூற்றுக்கணக்கில் நாற்காலிகள், உட்கார ஆளில்லை. வரிசையாக வாழையிலைகள், சாப்பிட ஆளில்லை. சத்தமே இல்லாமல் ஒரு மணப்பெண் நடந்துவந்து, நேராக ஞானாம்பாளைப் பார்த்துக் கைகூப்பினாள். கரண்ட் போய்விட்டது.

வெள்ளைக்காரியின் கனவில் வாழையிலை எப்படி வந்தது? வாரம் முழுக்க அதே யோசனை. தப்புக் கணக்குக்கெல்லாம் 'சரி' போட்டார். மாணவிகளே வந்து திருத்திக்கொண்டு போனார்கள்.

இதில் ஒரு சங்கடம். கேபிளை எடுத்துவிட்டு டிஷ் போடச் சொல்லி ஒரு வருடமாக நச்சரித்தவரும் அவரேதான். கணவர் லக்ஷ்மிநாராயணன் ஒருவழியாக மசிந்து, அடுத்த சனிக்கிழமைக்கு ஆளை வரச் சொல்லிவிட்டார். கேபிள் போனால் மணப்பெண்ணும் போச்சு.

குணாவுக்கு ஃபோன் போட்டார்.

"அந்தப் படத்தை மறுபடியும் போடேன்."

"இன்னா டீச்சர் நீங்க? பேயே இல்ல, ஏமாத்தறியான்னு அன்னிக்குக் கத்துனீங்க!"

"போடுவியா, மாட்டியா?"

"சனிக்கெழம போடறேன். எனக்கே ஒண்ணும் புரியல. புரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

சனிக்கிழமை மொட்டைமாடியில் டிஷ்காரர் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கீழே ஞானாம்பாள் கணவரையும் இழுத்து உட்காரவைத்தார். மணப்பெண் வந்தாள், கைகூப்பினாள். இந்தத் தடவை கரண்ட் போகவில்லை. அவள் காலடியில் எழுத்துகள் ஓடின: கேம்ப் ரோட்டில் புதிய கல்யாண மண்டபம், ஏ.சி. சாப்பாட்டுக் கூடம், முன்பதிவுக்கு அணுகவும்.

"குணா நடுவுல போட்ட விளம்பரம், ஞானம்!" லக்ஷ்மிநாராயணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஞானாம்பாளும் சிரிக்கத்தான் பார்த்தார். விளம்பரம் என்று தெரிந்ததும் பயம் விட்டுப்போயிருக்க வேண்டும்; ஆனால் என்னவோ, கூடிவிட்டது. இத்தனை இலை போட்டுவிட்டு ஏன் ஒருத்தரையும் கூப்பிடவில்லை?

"மேடம், கேபிள் ஒயரைக் கட் பண்ணிடவா?" மாடியிலிருந்து குரல் வந்தது.

"பண்ணுப்பா!" என்றார் கணவர்.

"வேணாம்பா! அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அதான் தெரிஞ்சுபோச்சே, இன்னும் என்ன?"

"சும்மா இருங்க, மறுபடியும் வருவா" என்ற ஞானாம்பாள், நாற்காலியைச் சற்றே பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.