அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்

அந்த வீடியோவை எனக்கு முதலில் காட்டியவள், லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் பெண். ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி எங்களுடையது. காலை டீ நேரத்தில் கேன்டீன் வாசலில் செல்போனை நீட்டினாள்.

"அக்கா, இதப் பாரேன். இருங்காட்டுக்கோட்டைல புள்ள புடிக்கிறவன் வந்துகீறானாம்."

தாடி வைத்த ஒரு ஆள், வீறிட்டு அழும் சின்னப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் வேகவேகமாகப் போகிறார். பிள்ளை அவர் முதுகில் மாறி மாறிக் குத்துகிறது. "பாருங்க மக்களே, கொழந்த எப்டி கத்துது பாருங்க" என்று எடுத்தவனின் குரல். கீழே ஏதோ லோக்கல் சேனலின் முத்திரை. சிவப்பு எழுத்தில், 'குழந்தை கடத்தலா? பொதுமக்கள் அச்சம்.'

அந்த ஆள் என் கணவர். பிள்ளை என் மகள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. சோப்புக் குமிழ் விடும் துப்பாக்கி கேட்டு அடம்பிடித்தவள், வாங்கித் தரவில்லை என்றதும் கன்டெய்னர் லாரிகள் போகிற ரோட்டில் விழுந்து புரண்டாள். அவர் அள்ளித் தூக்கிக்கொண்டு நடந்தார். காய்கறிப் பையோடு சற்றுப் பின்னால் நானும் நடந்தேன். வீடியோவின் கடைசி நொடியில் என் புடவை ஓரம் வந்தது. அதோடு வெட்டியிருந்தார்கள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரில? புள்ள செவப்பா கீது, இவன் இன்னா இப்டி கீறான்" என்றாள் இன்னொருத்தி.

அது என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை. சிவப்பு எழுத்தையும் அந்தத் தாடியையும் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் பார்க்கிற முகம் ஒரு கணம் எனக்கே யாரோ அந்நியனுடையதாகத் தெரிந்தது.

அவருக்கு அந்த மாதம் முழுக்க செகண்ட் ஷிப்ட். மகளை நர்சரியிலிருந்து அழைத்து வந்து பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். சூப்பர்வைசரிடம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஓடி வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

எதிர் சீட்டில் இருந்த இரண்டு பெண்களின் போனிலும் அதே அழுகைச் சத்தம். "கையில கெடைச்சா போலீஸுக்கே குடுக்கக் கூடாது, அங்கயே கொளுத்தணும்" என்றாள் ஒருத்தி. மடியில் பேரனை வைத்திருந்தாள். கெட்டவளாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நர்சரி வாசலில் கூட்டம். கேட்டின் மேல் அவரைச் சாய்த்து நிறுத்தி ஒருவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. "தெனம் அவருதான்பா வந்து கூட்டினு போவாரு" என்று ஆயாம்மா கத்திக்கொண்டிருந்தார். யார் காதிலும் விழவில்லை. ஆயாம்மாவின் இடுப்பில் இருந்த என் மகளின் முகத்துக்கு நேராக ஒருவன் போனைப் பிடித்தான்.

"பாப்பா, பயப்படாத. இவுரு உங்க அப்பாவா?"

அத்தனை பேரையும் பார்த்து மிரண்டுபோனவள், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு ஆயாம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இல்லன்றா! பாத்தீங்களா?"

கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. அந்தக் காலடிச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் எப்படி நுழைந்தேன் என்று தெரியாது. "அவரு என் வூட்டுக்காரரு! அது என் பொண்ணு!" என்று அலறினேன்.

"நீ யாரு மொதல்ல? நீயும் கூட்டா?" என்றது ஒரு குரல்.

மகளின் பிறந்தநாள் போட்டோவைப் போனில் தேடி எடுத்துக் காட்டினேன். கேக், தொப்பி, நாங்கள் மூன்று பேர். போன் கை மாறிக் கை மாறிப் போனது. நான் தொண்டை கிழியச் சொன்னதை நம்பாதவர்கள் அந்தப் படத்தை நம்பினார்கள். மணிக்கட்டைப் பிடித்திருந்தவன் விட்டான். "சாரி பிரதர். நாங்களும் புள்ளக்குட்டிக்காரங்கதானே" என்றான். மகளை வாங்கக் கை நீட்டிய என் கணவர், சுற்றிலும் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார். நான்தான் தூக்கினேன்.

மறுநாள் அந்தச் சேனலிலிருந்து பேசினார்கள். எங்கள் தரப்பைச் சொல்ல ஒரு பேட்டி வேண்டுமாம். நான் வேண்டவே வேண்டாம் என்றேன்.

"நா என்ன தப்பு பண்ணிட்டேன்னு பயப்படுதே? சொன்னாத்தானே நாலு பேருக்குத் தெரியும்" என்றார் என் கணவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நியாயத்தைச் சொன்னால் எடுபடும் என்று நம்புகிறவர்.

வாடகை வீட்டில் எங்களைக் கட்டிலில் உட்காரவைத்து, "உயிர் போயிடும்னு நெனச்சீங்களா? கொஞ்சம் கலங்கி சொல்லுங்க சார்" என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். ஒளிபரப்பில், திடும் திடும் என்ற இசையோடு பழைய வீடியோ மெதுவாக ஓடியது. 'உண்மையில் நடந்தது என்ன?' என்று கேட்டுவிட்டு விளம்பரத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் கையில் கட்டும், இருக்கும் இடத்தைக் காட்டும் வாட்ச் விளம்பரம். கடைத்தெருவில் ஒரு அம்மா பிள்ளையைத் தேடுகிறாள், பின்னால் தாடி வைத்த ஒருவன் நிற்கிறான். என் கணவர் தன் தாடையைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த எங்கள் பேட்டி, ஒரு தும்மலுக்குள் முடிந்துபோனது. எங்கள் தெருவும் வீட்டு வாசலும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

காலையில் அவர் தாடியை மழித்துவிட்டார். அடுத்த வாரம் வீட்டுக்கார அம்மா வந்து, "உங்க மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா யாராரோ வந்து வூட்ட எட்டிப் பாக்குறாங்க. வேற எடம் பாத்துக்கயேன்" என்றார்.

பிள்ளைப்பாக்கத்துக்கு மாறினோம். மகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். அவர் அவளோடு தனியாகக் கடைக்குப் போவதில்லை. அவள் ரோட்டில் சிணுங்கினால் என்ன கேட்டாலும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

போன வாரம் எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் ஒரு பையனின் முகத்தைத் துணியால் துடைக்கிறாள். மயக்க மருந்தாம், உஷாராம். 'இவங்க யாருன்னு தெரியாம அனுப்பாதீங்க' என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. எதிர் வீட்டுப் பெண் மட்டும் தனியாகக் கேட்டாள்: 'ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?'

தெரியாது என்று எழுதினேன். அவள் படித்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. வேறு ஒன்றும் வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டேன்.