அண்ணி தேர்ந்தெடுத்த பாலிஷ் மிஷின்

என் அண்ணிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் எனக்குக் கோபம். நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் நானும் எட்டு வார்த்தை பதிலுக்குப் பேசி, மனசு லேசாகிச் சோறு தின்பேன். அண்ணி திட்டமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான்.

அன்றைக்கும் அப்படித்தான் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்புக் கார். அதன் முன்மூடி, அதான் பானெட், முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். வெயில் பட்டதும் ஒவ்வொன்றும் மின்னியது. செய்தவள் நான்.

நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையலறைப் பொறுப்பாளர். பாத்திரத்தில் என் முகம் தெரியாவிட்டால் கழுவினவளுக்குத் தூக்கம் வராது, நான் விடமாட்டேன். எங்கள் தெரு மரத்திலிருந்து பிசின் சொட்டி, வாசலில் நிறுத்தியிருந்த காரில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி குளித்துக்கொண்டிருந்தாள். பாவம், ஒரு உதவியாக இருக்கட்டுமே என்று, பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு போய், அண்டா தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்துவிட்டேன். பிசின் போனது. கூடவே எல்லாம் போனது.

அண்ணன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். ஏழு மாதம் கழித்து, இன்னும் பத்து நாளில் வீட்டுக்கு வரப்போகிறான். கிளம்பும்போது அண்ணியிடம் சாவியைக் கொடுத்து, "ஒரு கீறல் விழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும், சரியா?" என்றிருந்தான். விளையாட்டாகச் சொல்கிற ஆள் இல்லை. அண்ணியும் சரியென்று தலையாட்டியிருந்தாள்.

அந்தச் சாவி அண்ணிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத்தான் தெரியும். அவள் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். இருபது வருஷமாக இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய், இருட்டின பிறகு வீடு வருவாள். முழங்கால் வேறு வீங்கிக்கொள்ளும். நாற்பத்து மூன்று வயதில், இரண்டு தடவை ஃபெயில் ஆகி, மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கினாள். ஏழு மாதமாகத்தான் வெளிச்சத்தோடு வீடு வருகிறாள். அதை நான் ஒரு ஸ்க்ரப்பரால் தேய்த்து எடுத்துவிட்டேன்.

"அண்ணி, ஏதாவது சொல்லுங்க. என்னைத் திட்டவாவது செய்யுங்க."

அண்ணி குனிந்து ஒரு கீறலின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். அடுத்த கீறலுக்குப் போனாள். அப்படியே முன்மூடி முழுக்க.

"நகம் மாட்டலை. மேலோட்டமாத்தான் இருக்கு. பாலிஷ் பண்ணினா போயிடும்" என்றாள்.

"கடையில கொடுத்துடலாமா?"

"எதுக்கு? தினம் அதைத்தானே பண்றேன். பல்லுல பண்றேன், இதுல பண்ணமாட்டேனா? ஒரு மிஷின் வாங்கணும்."

இப்படித்தான் என் அண்ணியின் முதல் கார் பாலிஷ் மிஷினை வாங்கக் கிளம்பினோம். கிளம்பும் முன்னால் அண்ணி போனில் ஏதோ படம் எடுத்துவைத்துக்கொண்டாள். அப்போது நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கருவிக் கடைக்காரர் வாய் ஓயாத மனுஷன். எங்களைப் பார்த்ததும் அலமாரியிலேயே பெரிய மிஷினை இறக்கினார். கனமானது, முன்னால் வட்டத் தட்டு. போட்டதும் உறுமிற்று.

"மேடம், பெரிய பெரிய ஒர்க்‌ஷாப்ல எல்லாம் இதுதான். சர்ருனு சுத்தும். ஒரு மணி நேரத்துல கார் புதுசாயிடும்."

"இதையே வாங்கிடலாம் அண்ணி" என்றேன். பத்து நாளில் அண்ணன் வருகிறானே, சின்ன மிஷினை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தேய்ப்பது?

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. காட்டுவதற்காகக் கடையில் ஒரு பழைய கார்க் கதவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். "இதுல ஒரே இடத்துல வச்சு, பத்து எண்ணுற வரைக்கும் பிடிங்க" என்றாள் கடைக்காரரிடம்.

"ஐயையோ, அப்படி வைக்கக்கூடாது மேடம். பெயிண்ட் வெந்துடும். நகர்த்திக்கிட்டே இருக்கணும்."

"முதல் தடவை பிடிக்கிறவ எங்கேயாவது வச்சுடுவாளே. அப்ப என்ன ஆகும்?"

கடைக்காரர் பெரிய மிஷினை அணைத்துக் கீழே வைத்தார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

"எங்க லேப்ல புதுசா வர்றவங்க பல் செட்டை வேகமான சக்கரத்துல அழுத்திப் பிடிச்சுடுவாங்க. சூட்டுல வளைஞ்சு போயிடும். அப்புறம் யார் வாய்க்கும் பொருந்தாது" என்றாள் அண்ணி. "தப்பு பண்ணினாலும் கெடுக்காத மிஷின் எது? அதைக் காட்டுங்க."

அவர் முனகிக்கொண்டே வேறொன்றை எடுத்துவந்தார். சின்னது. தட்டு சுற்றும், சுற்றிக்கொண்டே இப்படியும் அப்படியும் தள்ளாடும். அண்ணி வாங்கி, கதவில் ஒரே இடத்தில் வைத்து, நிதானமாகப் பத்து எண்ணினாள். புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடுதான். பிறகு உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாள். தட்டு சுற்றாமல் நின்று, சும்மா நடுங்கியது.

"பாருங்க, அழுத்தினா நின்னுடுது. இதுதான் வேணும்."

"பேட்டரி போட்டதும் இருக்கு மேடம், ஒயர் தொல்லை இல்ல."

"ஷெட்ல பிளக் இருக்கு. பேட்டரி கனத்தை என் மணிக்கட்டு தாங்காது. இதுக்குப் பொருந்துற பஞ்சுத் தட்டு நாலு குடுங்க, மென்மையான கிரீம் ஒண்ணு."

பெரிய மிஷினை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே கடையை விட்டு வெளியே வந்தேன். இந்தக் குட்டிச் சாமான் என்னத்தைக் கிழிக்கப்போகிறது என்று மனசுக்குள் கருவிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை காரைக் கழுவித் துடைத்து, விளிம்புகளிலும் ரப்பரிலும் டேப் ஒட்டினாள். முன்மூடியில் உள்ளங்கையளவு இடம் குறித்து, பஞ்சுத் தட்டில் நாலு சொட்டுக் கிரீம் வைத்து, ஆமை வேகத்தில் நகர்த்தினாள். குறுக்கே நாலு, நெடுக்கே நாலு. துணியால் துடைத்தாள்.

கறுப்பு. சுத்தமான, ஆழமான கறுப்பு. ஒரு கீறல் இல்லை.

நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நர்ஸ் ஜன்னலைத் திறந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகலை! ஒண்ணுமே ஆகலை!" என்று குதித்தேன். அண்ணியின் தோள் அப்போதுதான் இறங்கியது. அதுவரை எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது அந்தத் தோளைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டு சனி ஞாயிறு வேலை நடந்தது. என் கையிலும் மிஷினைக் கொடுத்தாள். நான் வழக்கம்போல அழுத்தினேன், அது வழக்கம்போல நின்றது. நல்லவேளை, பெரியதை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பெயிண்டைத் தாண்டித் தகரத்தையே பார்த்திருப்பேன்.

விளக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் போகவில்லை. அங்கே நகம் மாட்டியது.

"இன்னும் கொஞ்சம் தேய்ங்க அண்ணி, போயிடும்."

"பெயிண்டுதான் போயிடும். இருக்கட்டும். அவர் வந்ததும் சொல்லிடறேன்."

"பைத்தியமா உங்களுக்கு? கேட்டா ஏதாவது பூனை மேல பழியைப் போடுங்க!"

அண்ணி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அண்ணன் டாக்ஸியை விட்டு இறங்கி, பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே ஷெட்டுக்குப் போனான். காரைச் சுற்றி வந்தவன் விளக்குப் பக்கத்தில் நின்றான். "இது என்ன?"

நான் முந்திக்கொண்டேன். "நான்தான் அண்ணா. ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்ச்சேன். அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல."

"ஒரு கோடு இல்லைங்க, காரே இப்படி இருந்துது" என்று அண்ணி போனை நீட்டினாள். கடைக்குக் கிளம்பும் முன்னால் எடுத்த படம்! அவள் கழுத்தை நெரிக்கலாமா என்றிருந்தது எனக்கு.

அண்ணன் படத்தைப் பார்த்தான், காரைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். "இவ்வளவையும் நீயா எடுத்தே?"

"ஆமாங்க. மிஷின் வாங்கினேன்."

அவன் கையை நீட்டினான். அண்ணி சாவியை அதில் வைத்தாள். ஏழு மாதம் முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்காரப் பார்த்தான். அண்ணி குள்ளம், சீட்டை முன்னால் இழுத்து வைத்திருந்தாள். அவன் முழங்கால் இடித்தது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளும் பிடியில் கையை வைத்தான். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு கையை எடுத்துவிட்டு இறங்கினான்.

"உன் உயரத்துக்கு வச்சிருக்கே. அப்படியே இருக்கட்டும்" என்று சாவியை அண்ணியின் கையில் திருப்பி வைத்தான். "நாளைக்கு நான் கம்பெனி ஆபீஸ் போகணும். உன் வழியில என்னை இறக்கி விட்டுடறியா?"

என் வயிற்றில் பால் வார்த்தான். அண்ணி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழரைக்கு ரெடியா இருக்கணும். லேட் பண்ணினா விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள், ரொம்பக் கறாராக. சொல்லி முடித்ததும் ஓவென்று அழுதாள்.